கீரை வெந்த தண்ணீர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை மேரி புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஈப்போவில் நான் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்த மருத்துவமனைச் சமையலறையில் அவள் இன்னும் இருக்கிறாள். எனக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்னால் சேர்ந்தவள். இப்போது அங்கே அவள்தான் மூத்தவள்.

சமையலறை மாறிவிட்டது என்றாள். காய்கறிகள் வெளியே குத்தகை எடுத்த நிறுவனத்திடமிருந்து நறுக்கி, அவித்து, உறைய வைத்த பொட்டலங்களாக வருகின்றனவாம். காய் ஊறப்போடும் பெரிய தொட்டிகளைக் கழற்றி எடுத்துவிட்டார்களாம். புதிதாக வந்த பெண்கள் பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துச் சூடாக்கித் தட்டில் வைக்கிறார்கள். வேலையில் குறை இல்லை. ஆனால் வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் சிறுநீரக நோயாளியின் மனைவியோ மகளோ வந்து, இதை வீட்டில் எப்படிச் செய்வது என்று கேட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை.

"ரெண்டே ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கக்கா. சைவமா, சிம்பளா, வீட்ல செய்யிற மாதிரி. புரட்டாசி வந்தா எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க லா," என்றாள்.

அன்றைக்கே எழுதினேன். பீர்க்கங்காய், சுரைக்காய், முட்டைக்கோஸ், எப்படி நறுக்குவது, எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எதைத் தாளிப்பது. இரண்டு பக்கமும் சரியாக வந்தன. படித்துப் பார்த்தேன். ஒரு வரி கூடப் பொய் இல்லை. ஆனாலும் அதை மேரியிடம் கொடுக்க என்னால் முடியவில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் மனப்பாடமாக அறிந்த நான், போன புரட்டாசியில் என் மகளை அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதைச் சொல்லாமல் சமையல் குறிப்பு மட்டும் எழுதினால் அது ஏமாற்று. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் அப்பா பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, தட்டச்சு படித்து, வேலை கிடைக்காமல் இரண்டு ஆண்டு வீட்டில் இருந்து, கடைசியில் மருத்துவமனைச் சமையலறையில் இடம் கிடைத்தது. முதல் மூன்று மாதம் வெங்காயமும் பூண்டும் மட்டும்தான் உரித்தேன். அதற்குப் பிறகு நீல அட்டைப் பக்கம் போட்டார்கள்.

எங்கள் சமையலறையில் ஒவ்வொரு தட்டிலும் ஓர் அட்டை இருக்கும். சர்க்கரை நோய்க்கு ஒரு நிறம், இருதயத்துக்கு ஒரு நிறம். சிறுநீரகத்துக்கு நீலம். நீல அட்டையில் உப்பு அளவு இருக்கும், தண்ணீர் அளவு இருக்கும், பொட்டாசியம் என்று ஒரு வரி இருக்கும். பொட்டாசியம் காய், கீரை, பழம், பருப்பு எல்லாவற்றிலும் உள்ள ஒரு சத்து. நல்ல உடம்புக்கு அது வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது வெளியே போகாமல் இரத்தத்தில் தங்கிவிடும். கூடிப்போனால் இருதயம் நின்றுவிடும். ஆரோக்கியம் என்று நாம் நினைக்கும் சாப்பாடே அவர்களுக்கு ஆபத்து என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

நீல அட்டைக்குத் தலைவி புவான் ரொக்காயா. புவான் என்பது மலாயில் அம்மா என்பது மாதிரி மரியாதைச் சொல். சின்ன உருவம். மூக்குக் கண்ணாடி ஒரு சங்கிலியில் நெஞ்சில் தொங்கும். நடந்து வரும் சத்தமே கேட்காது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார். அவர் குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லோரிடமும் மலாயில்தான் பேசுவார், நிறுத்தி நிறுத்தி, எங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. நறுக்கிய காயில் ஒரு துண்டை எடுத்துத் தன் சுண்டுவிரல் நகத்தின் மேல் வைப்பார். நகத்தைவிடப் பெரிதாக இருந்தால் தட்டை நம் பக்கம் தள்ளிவிடுவார். மறுபடி நறுக்க வேண்டும்.

வேலை இதுதான். காயைத் தோல் சீவி, நகம் அளவுக்கு நறுக்கி, காயைப்போலப் பத்து மடங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக அலச வேண்டும். பிறகு பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து அவிக்க வேண்டும். அந்தத் தண்ணீரையும் வடித்துக் கொட்ட வேண்டும். மறுபடி அலசி, அதற்கு மேல்தான் தாளிப்பு. ஊறின தண்ணீரிலும் வெந்த தண்ணீரிலும்தான் பொட்டாசியம் இறங்கியிருக்கும். எல்லாம் போய்விடாது, ஆனால் நிறையப் போய்விடும். காயைச் சமைப்பதில் பாதி வேலை தண்ணீரைக் கொட்டுவதுதான்.

புவான் எங்களை வார்டுக்குப் போக விடமாட்டார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் கை உப்புக்குப் போகும் என்பார். அட்டையைப் பார், அட்டைக்குச் சமை. அது அவருடைய முதல் சட்டம்.

இரண்டாவது சட்டம் நான் சேர்ந்த அந்த முதல் ஆண்டில் எனக்காகவே வந்தது. அன்றைக்குப் பசலைக் கீரை. அவித்து வடிக்கும்போது, தேநீர் குடிக்க வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த பீங்கான் பூச்சுக் கிண்ணத்தை, மங்கு என்போம் நாங்கள், அடியில் பிடித்தேன். பச்சைப் பசேலென்று தண்ணீர் மங்கு நிறைய இறங்கியது. எங்களுக்கு மத்தியானம் ரசம் வைக்கும்போது அதில் ஊற்றலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, தோட்டத்தில் எந்த வீட்டிலும் கீரை வெந்த தண்ணீரைக் கொட்டியதில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, கீரைத் தண்ணீர் பிள்ளைகளுக்கு. மிளகும் உப்பும் போட்டுக் கொடுப்பார்கள். கறி வாங்க முடியாத வாரங்களில் எங்களுக்குச் சத்து என்பது அதுதான். அதைச் சமையலறைச் சாக்கடைக் கால்வாயில் கொட்டுவது, சோற்றைக் கீழே போட்டு மிதிப்பது மாதிரி.

புவான் வந்து நின்றார். "ஆயிர் மானா?" என்று கேட்டார். தண்ணீர் எங்கே என்று அர்த்தம். ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் அவர் கேட்கும் கேள்வி அது. கொட்டிவிட்டோமா என்று அறியக் கால்வாய் ஈரமாக இருக்கிறதா எனப் பார்ப்பார்.

நான் பெருமையாக மங்கைக் காட்டினேன். ஒரு சொட்டு வீணாக்காத பெண் என்று பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மங்கை என் கையிலிருந்து வாங்கிக் கால்வாயில் கவிழ்த்தார். பிறகு தன் கையாலேயே சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மங்கில் இருந்தால் யாராவது சூப் என்று நினைத்துவிடுவார்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். இந்தத் தண்ணீர் எந்தப் பாத்திரத்திலும் நிற்கக் கூடாது என்பது அன்றிலிருந்து சட்டமானது.

அந்தக் கேள்வி பிறகு எங்களுக்குள் கேலியாகிவிட்டது. யாராவது கழிவறைக்குப் போய்த் தாமதமாக வந்தால், உள்ளே நுழையும்போதே நாலு பேர் புவான் குரலில் "ஆயிர் மானா?" என்போம். மேரி அந்தக் குரலை அச்சு அசலாகப் பிடிப்பாள். ஒருமுறை புவானே பின்னால் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

புவான் தன் முதல் சட்டத்தை ஒரே ஒரு முறைதான் உடைத்தார். அது வீராசாமி என்ற பெரியவருக்காக.

அவரும் பீடோர்ப் பக்கம் தோட்டத்து ஆள்தான். ரப்பர்த் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாறிய பிறகும் லயத்து வீட்டை விட்டுப் போகாதவர். வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. மனைவி இறந்த பிறகு முழுச் சைவமாகிவிட்டார். எங்கள் தட்டு தொடர்ந்து மூன்று நாள் தொடாமல் திரும்பி வந்தது. பாதிக்கு மேல் மீதி வரும் தட்டைப் புவான் தானே பார்ப்பார். மூன்றாம் நாள் அவர் அந்தத் தட்டை மேசையில் வைத்து, ஊறி, வெந்து, வெளிறிப்போன முட்டைக்கோஸை ஒரு கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு, அந்த மனிதருடன் அவர் மொழியில் பேசு என்று என்னை வார்டுக்கு அழைத்துப் போனார்.

பெரியவர் என் வெள்ளை உடுப்பைப் பார்த்துவிட்டு, "நீதான் சமைக்கிறியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நல்ல புள்ளையா இருக்க. உங்கூட்ல இப்படித்தான் சமைப்பியா? ரசம் இல்லாம இந்தச் சோத்த எப்படிம்மா முழுங்குறது? தொண்டைக்குள்ள போவ மாட்டேங்குது."

அவருக்கு ரசம் ஆகாது. புளி, தக்காளி, பருப்புத் தண்ணீர் மூன்றிலும் பொட்டாசியம். அதற்கு மேல் அவருக்கு நாள் முழுக்கக் குடிக்க இரண்டு குவளைத் தண்ணீர்தான் கணக்கு. பெரியவர் சொன்னதைப் புவானிடம் மலாயில் சொன்னேன். அவர் பெரியவரை அரை நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும் வழியில், புளி இல்லாமல் தக்காளி இல்லாமல் பருப்பு இல்லாமல் ரசம் வைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். வை என்றார்.

நான்கு நாள் ஆனது. கொத்துமல்லி விதையையும் மிளகையும் சீரகத்தையும் எண்ணெய் இல்லாமல் கருகும் எல்லைவரை வறுத்தேன். அந்த வாசனைதான் உப்பு இல்லாத குறையை மறைக்கும். இரண்டு பல் பூண்டைத் தோலோடு நசுக்கினேன். சாதாரணத் தண்ணீர், அரைக் குவளை. கொதிக்க விடக் கூடாது, நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். கடுகும் கறிவேப்பிலையும் ஒரு சொட்டு எண்ணெயில் பொரிய வேண்டும். கடைசியில் எலுமிச்சம்பழம் நான்கே சொட்டு. அந்த அரைக் குவளையை அவருடைய தண்ணீர்க் கணக்கில் கழித்து, அட்டையில் புவான் தன் கையால் எழுதினார்.

பெரியவர் முதல் வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இது ரசம் இல்ல. பொய் ரசம்," என்றார். இன்னொரு வாய் குடித்தார். "நல்லாத்தான் பொய் சொல்லியிருக்க," என்றார். அன்றைக்குத் தட்டு காலியாகத் திரும்பி வந்தது. அதன் பிறகு எங்கள் சமையலறையில் அதற்கு அதுதான் பெயர். சீன நோயாளிகளுக்குக்கூட "பொய் ரசம்" என்றே எழுதினோம். வீராசாமி பெரியவர் அந்த ஆண்டுக் கடைசியில் போய்ச் சேர்ந்தார், சாப்பாட்டால் இல்லை. அதன் பிறகு பல நாள், நீல அட்டைகளை அடுக்கும்போது என் கண் அவர் பெயரைத் தேடும். புவான் ஏன் வார்டுக்குப் போக விடவில்லை என்று அப்போது புரிந்தது.

புவான் ஓய்வு பெற்றுத் தெலுக் இந்தானுக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் நான் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றேன். சுண்டுவிரல் நகத்தில் காயை வைத்துப் பார்த்தேன். "ஆயிர் மானா?" கேட்டேன். ஐம்பத்தாறு வயதில் ஓய்வு வாங்கினேன்.

ஓய்வு பெற்ற ஆண்டிலேயே தர்ஷினிக்கு நோய் தெரிந்தது. எங்களுக்கு ஒரே மகள். இருபத்தாறு வயது. தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. கால் வீங்குகிறது என்று ஒருநாள் போனில் சொன்னாள். எங்கள் மருத்துவமனையிலேயே வந்து காட்டினாள். சிறுநீரகம் இரண்டும் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கின்றன என்றார்கள். சுத்திகரிப்பு இன்னும் தேவையில்லை, மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் போதும், கவனமாக இருந்தால் பல ஆண்டுகள் இப்படியே தள்ளலாம் என்றார்கள். சாப்பாடு பற்றிச் சொல்ல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னபோது தர்ஷினி சிரித்திருக்கிறாள். "எங்கம்மா இங்கதான் நீல அட்டைக்குச் சமைச்சாங்க. எனக்கு வேற யாரும் சொல்ல வேணாம்," என்றாளாம். அதை அவள் எனக்குச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை எழுதவே கூசுகிறது.

போன புரட்டாசிக்கு அவள் ஒரு மாத விடுப்பில் வீட்டுக்கு வந்தாள். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது. எனக்கு அது வசதியாகவே இருந்தது. முப்பது நாள், மூன்று வேளை, என் கையால். எல்லாம் முறைப்படி செய்தேன். நகம் அளவு நறுக்கினேன், ஊறப்போட்டேன், அவித்தேன், வடித்தேன். அவளுக்குத் தினமும் பொய் ரசம் வைத்தேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தனியாக நல்ல ரசம்.

அந்தப் பழைய மங்கு இன்னும் என்னிடம் இருந்தது. விளிம்பில் பூச்சு உதிர்ந்திருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் அதன் இடம். மருத்துவமனையில் முப்பத்தைந்து ஆண்டு கால்வாயில் கொட்டியவள் வீட்டில் ஒரு நாளும் கொட்டியதில்லை. கீரை வடித்தால் கை தானாகவே மங்கை எடுக்கும். அது எங்கள் ரசத்துக்குப் போகும். எங்கள் இருவருக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

தர்ஷினி இளைத்துக்கொண்டே போனாள். சோற்றில் பாதி வைத்துவிடுவாள். கழுத்தெலும்பு தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அப்பால் நின்று, "என்னா, புள்ள கொத்தவரங்கா மாதிரி ஆயிட்டா? ஒனக்குச் சமையல் மறந்து போச்சா?" என்று கேலி செய்தார். அன்றைக்கு முருங்கைக்கீரை. மங்கில் பச்சைத் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. தர்ஷினியின் பொய் ரசம் அடுப்பில் நுரை கட்டியிருந்தது. அவள் மேசையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

ஒரு கரண்டி ஊற்றினேன்.

தெரியாமல் செய்யவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டோம், இது வெந்த தண்ணீர்தானே, ஒரு கரண்டி என்ன செய்துவிடும் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். வேறு யாராவது எனக்குக் கீழே வேலை செய்பவள் அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளை வெங்காயம் உரிக்க அனுப்பியிருப்பேன். அவள் அந்த ரசத்தை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டாள். "மா, இன்னிக்கு நல்லாருக்கு," என்றாள். அடுத்த நாள் இரண்டு கரண்டி. அடுத்த வாரம் நான் எண்ணவில்லை. அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடிப்பதாக எனக்குத் தோன்றியது. அது என் கண்ணின் ஆசை.

புரட்டாசி மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குளியலறைக்குப் போனவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மா, காலு என்னோடது மாதிரி இல்ல," என்றாள். கையைப் பிடித்தேன். அவள் விரல்கள் திருப்பிப் பிடிக்கவில்லை. நெஞ்சு எப்படியோ அடிக்கிறது, ஒரு அடி விட்டு ஒரு அடி என்றாள். என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக் காரில் கிடத்தினார். வழியெல்லாம் அவள் மணிக்கட்டில் என் விரல் இருந்தது. இப்போதும் சில நேரம் கோப்பையைப் பிடித்திருக்கும்போது என் விரல் தானாகவே நாடி தேடும்.

அவசரப் பிரிவில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். காகிதத்தில் வந்த கோடு எனக்குப் புரியவில்லை. ஆனால் இரத்தத்தின் எண் வந்தபோது புரிந்தது. அப்படிப்பட்ட எண்களை நீல அட்டைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த எண் ஒரு முகத்தை என்ன செய்யும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு தாதி மெதுவாக, மிக மெதுவாக ஊசி மருந்தை ஏற்றினார். இருதயத்தைக் காப்பதற்கு முதலில் அது, பிறகு பொட்டாசியத்தை இறக்குவதற்கு வேறு மருந்து என்றார்கள். இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் என்று இளம் மருத்துவர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் எண் இறங்கத் தொடங்கியது. வார்டுக்கு மாற்றினார்கள். மருத்துவர் வந்து சாப்பாடு பற்றிக் கேட்டார். பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன். நறுக்கினேன், ஊறப்போட்டேன், அவித்தேன், வடித்தேன். அவர் அதை எழுதிக்கொண்டார். சமையலறையில் இருந்தவர் நீங்கள், சாப்பாடு காரணமாக இருக்காது என்றார். அவள் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்று பொட்டாசியத்தைக் கூட்டும், அதனால் இருக்கலாம், அதை நிறுத்திவிடலாம் என்றார். எது அந்த மாத்திரை என்று எனக்குத் தெரியும். அவளுடைய மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அதுதான்.

நான் தலையை ஆட்டினேன். அப்போதும் எனக்கு அந்தக் கரண்டி நினைவுக்கு வரவில்லை. இது பொய்யோ மெய்யோ, இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு மேரி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். தர்ஷினி கண் மூடிப் படுத்திருந்தாள். மேரியிடமும் அதே பாடத்தைச் சொன்னேன். சொன்னதையே சொன்னேன். நறுக்கினேன், ஊறப்போட்டேன், அவித்தேன், வடித்தேன். எத்தனையாவது முறை என்று தெரியாது. அவள் என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு, என்னைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று, புவான் ரொக்காயாவின் அதே குரலில் கேட்டாள்:

"ஆயிர் மானா?"

தொட்டியில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

மேரியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போனது. "அக்கா? தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

மங்கு என்றேன்.

அவளுக்கு மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கையை விடவில்லை. நான் சொல்லவில்லை என்றால் யாருக்கும் தெரியாது. மாத்திரையை நிறுத்துவார்கள். பழி மாத்திரை மேல் போகும். மேரியும் வெளியே சொல்ல மாட்டாள், அது எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் என்னை "அக்கா" என்று கூப்பிட்டவர்கள் நாலு மாடியிலும் இருக்கிறார்கள். எழுந்து தாதிகள் மேசைக்குப் போக முப்பது அடிகூட இருக்காது. எனக்கு அது தீரவே இல்லை.

மருத்துவரிடம் சொன்னேன். எந்தக் கீரை, எத்தனை கரண்டி, எத்தனை நாள். அவர் திட்டவில்லை. மாத்திரையை நிரந்தரமாக நிறுத்தத் தேவையில்லாமல் போகலாம், இரத்தம் சரியான பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்கிப் பார்ப்போம் என்று எழுதினார். நல்ல வேளை சொன்னீர்கள் என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கட்டிலுக்குத் திரும்பி வந்தபோது தர்ஷினி விழித்திருந்தாள்.

"தர்ஷி, ஒன் ரசத்துல நான் கீரைத் தண்ணி ஊத்துனேன்."

"எந்த ரசத்துல?"

"பொய் ரசத்துல. ரெண்டு வாரமா. நீ எளச்சிட்டியேன்னு."

மருந்து ஏறும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் அவ்ளோ ருசியா இருந்துச்சா?" என்றாள். "நான் ஒங்க கைப்பக்குவம்னு நெனச்சேன் மா," என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாயங்காலத் தட்டு வரும்வரை என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான். அவள் யாரை நம்பி ஆலோசகரை வேண்டாம் என்றாளோ, அந்த ஆள் நான்.

தட்டு வந்தது. வெள்ளைச் சோறு, வெளிறிய கோஸ், அவித்த கேரட். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தண்ணீர்க் குவளையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "ருசியே இல்ல. நல்லாருக்கு," என்றாள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். சமையலறைக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. இரண்டு நாள் என் வீட்டுக்காரர்தான் சோறு வடித்தார். மூன்றாம் நாள் தர்ஷினி என்னை எழுப்பி நிறுத்தினாள். ஆலோசகர் கொடுத்த தாள் அவள் கையில் இருந்தது. இந்த முறை அவளே போய்க் கேட்டு வாங்கியது. முருங்கைக்கீரை கொஞ்ச நாளைக்கு வேண்டாம், கோஸும் பீர்க்கங்காயும் போதும் என்றாள். நறுக்கினேன். ஒரு துண்டை எடுத்துத் தன் சுண்டுவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தாள். அது நான் எப்போதோ சிரித்துக்கொண்டே செய்துகாட்டியது, அவள் பள்ளிக்குப் போன காலத்தில்.

மேரிக்கு நான் எழுதித் தருவது இவ்வளவுதான். காயை நகம் அளவு நறுக்குங்கள், ஊறப்போடுங்கள், அவியுங்கள், கொட்டுங்கள், அலசுங்கள். பொய் ரசத்துக்கு வறுப்பதில் அவசரப்படாதீர்கள். ருசி முழுக்க அந்த வறுவலில் இருக்கிறது, வேறெதையும் அதில் சேர்க்க வேண்டாம். எந்தக் காய், எவ்வளவு தண்ணீர் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை உங்கள் ஆலோசகரிடம் கேளுங்கள், எனக்குத் தெரியும் என்று சொல்லும் சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள், அவர் என்னைப்போல முப்பத்தைந்து ஆண்டு சமைத்தவராக இருந்தாலும். உங்கள் பிள்ளை இளைத்துத் தெரியும் நாளில், கொஞ்சம் ஊற்றினால் என்ன என்று தோன்றும் நாளில், அடுப்பை விட்டு இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். அந்த நாள் வரும். எனக்கே வந்தது.

தர்ஷினி இப்போது தஞ்சோங் மாலிமில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். எண்கள் கட்டுக்குள் இருக்கின்றன. மாத்திரையும் மறுபடி ஓடுகிறது. தினமும் மத்தியானம் போன் செய்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன். சொல்கிறாள். சில நாள் சலித்துக்கொள்கிறாள். புவான் ரொக்காயாவுக்கு இதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் தர்ஷினி வீட்டுக்கு வருவாள். நான் அடுப்பருகே இருந்தால், வாசலில் பையை வைக்கும்போதே அங்கிருந்து கேட்பாள், மேரியிடம் கற்றுக்கொண்ட குரலில்: "ஆயிர் மானா?"

போச்சு என்பேன்.

மங்கை அவள் தன்னோடு எடுத்துப்போய்விட்டாள். அங்கே அவள் தங்கும் அறையில் அதில் தலைமுடிக் கிளிப்புகள் கிடக்கின்றனவாம். காய் வடிக்கும்போது என் இடது கை இன்னும் தொட்டியின் ஓரத்துக்குப் போகிறது, மங்கு இருந்த இடத்துக்கு. கையில் ஒன்றும் அகப்படுவதில்லை. அதற்குள் தண்ணீர் போய்விடுகிறது.